எண்களை மட்டும் எழுது

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான், அக்கா, மச்சான் மூவரும் நலம். குளிருக்கு உங்கள் கைவலி எப்படி இருக்கிறது? அந்தத் தெருவிலிருந்து எந்தக் குரலும் என் காதில் விழக்கூடாது என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனதால் போன் செய்யாமல் எழுதுகிறேன்.

ஒரு வாடகைக் கார் என் கழுத்தில் வந்து விழுந்திருக்கிறது. அதை ஓட்டுகிறவனைத் தெருவில் புல்டோசர் என்பார்கள். கதவைக் கையால் திறக்கமாட்டான், தோளால்தான். வட்டிக்காரர்களுக்கு வசூலுக்குப் போவது அவனுக்கு உபதொழில். வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது, கறுப்பாகப் புகைகிறது, எஞ்சின் விளக்கு அணைய மறுக்கிறது. இரண்டு முறை சரிசெய்து அனுப்பினேன். மூன்றாவது முறை ஜாக்கிக் கம்பியோடு வந்தான்.

"நான் காருக்கு ஊத்துறேனா, கடலுக்கு ஊத்துறேனா?" என்று கேட்டுக்கொண்டே ஆபீஸ் அறைக் கண்ணாடியை அடித்தான். ஒரு துண்டு என் புருவத்தில் இறங்கி நின்றது. நான் அதைப் பிடுங்கும்வரை காத்திருந்துவிட்டு, "அடுத்த தடவ கண்ணாடி இல்ல, கண்ணு" என்றான்.

ஸ்கேனரில் பார்த்தேன். ஆக்சிஜன் சென்சார் 0.1 வோல்டில் செத்த மாதிரி கிடக்கிறது. பெட்ரோல் திருத்தம் கூட்டல் இருபத்தைந்து சதவீதம். பெட்ரோல் போதவில்லை என்று மெஷின் சொல்கிறது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. பெட்ரோல் அதிகம் என்று பிளக் சொல்கிறது. மாமியாரும் மருமகளும் பஞ்சாயத்துக்கு வந்த மாதிரி இருக்கிறது. யாரை நம்புவது?

இன்னொன்று. காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து டிக் டிக் என்று பல்லி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். சூடேறினதும் அடங்கிவிடுகிறது. பல்லி எனக்கு என்ன பலன் சொல்கிறதோ தெரியவில்லை.

சீக்கிரம் பதில் எழுதுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விசாரித்ததற்கு நன்றி. இல்லாத இரண்டு விரல்களும் நன்றாகவே வலிக்கின்றன. இருக்கிற எட்டும் இந்தச் சோதனைக்கூடத்தில் எனக்குச் சோறு போடுகின்றன. எனக்கு மேலதிகாரியாக உட்கார்ந்திருப்பவன் படிக்கிற காலத்தில் என் விடைத்தாளைப் பார்த்து எழுதியவன். மற்றபடி நலம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். புகைக்குழாயில் செருகியிருக்கிற ஆக்சிஜன் சென்சார் ஒரு மூக்கு. எரிந்து வருகிற புகையை முகர்ந்து பார்க்கும். அதில் ஆக்சிஜன் மிச்சமிருந்தால், பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. மூக்கு சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டும். மூக்கு மறுபடியும் போதவில்லை என்றால் மறுபடியும் கூட்டும். பிளக் மூழ்கினாலும் அதற்குக் கவலையில்லை. உன் வண்டியில் நடப்பது இதுதான். பிளக் கறுத்திருக்கிறது என்றால் மூக்கு பொய் சொல்கிறது.

இரண்டு விஷயம் தெரியவேண்டும். வண்டி நின்று உறுமும்போது திருத்தம் எவ்வளவு, எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றும்போது எவ்வளவு? அந்த சென்சார் எங்கே வாங்கியது?

பல்லி கத்துகிறது என்று எழுதியிருக்கிறாய். பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பதற்காக நான் நான்கு வருடம் எஞ்சின் படிக்கவில்லை. எண்களை எழுது, கதையை எழுதாதே.

புருவத்துக் காயத்தை டாக்டரிடம் காட்டு.

அண்ணன்


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். புருவம் ஆறிவிட்டது. ஆனால் புது வரவு ஒன்று இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். உங்களுக்கு இருமல் வந்திருப்பதாக அக்கா எங்கோ கேள்விப்பட்டுக் கவலைப்பட்டது. கஷாயம் ஏதாவது குடியுங்கள்.

எண்கள் இதோ. நின்று உறுமும்போது கூட்டல் இருபத்தைந்து. 2500 சுற்றில் கூட்டல் ஆறு. காற்றுக் குழாய்களில் கசிவு இல்லை, புகை விட்டுப் பார்த்தேன். பெட்ரோல் அழுத்தம் சரியாக இருக்கிறது.

சென்சார் முன்பக்கக் கடையில், மச்சானிடம் வாங்கியது. சந்தேகப்பட்டு அவரிடமே இன்னொன்று வாங்கி மாட்டினேன். அச்சு அசலாக அதே எண்கள். நீங்கள் தபாலில் பார்த்துச் சொல்கிறீர்கள் என்றேன். மச்சான் கல்லாவில் உட்கார்ந்தபடியே சிரித்தார். "உங்க அண்ணன் என்ன, ஸ்டாம்ப் ஒட்டுன டாக்டரா? நாடி பாக்க ஒரு கவரு, மருந்துக்கு ஒரு கவரா?" கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அக்கா மட்டும் உள்ளே போய்விட்டது.

புல்டோசர் சனிக்கிழமை வந்தான். புகையைப் பார்த்தான். என் தலைமுடியைப் பிடித்துத் திறந்திருந்த எஞ்சின் மூடியின் விளிம்பில் இரண்டு முறை அடித்தான். முன்பல் ஒன்று எஞ்சினுக்குள் விழுந்துவிட்டது. கைவிட்டுத் தேடினேன், அகப்படவில்லை. வண்டிக்குள் இப்போது என் பாகமும் ஒன்று இருக்கிறது. சூப்பு மட்டும் குடிக்கிறேன்.

என்ன செய்யட்டும்?

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

பல் போனதற்கு வருந்துகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். இருமல் எனக்கு இல்லை. இருந்தாலும் அந்த வீட்டிலிருந்து யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

விஷயம் தெளிவாகிவிட்டது. இரண்டு சென்சாரும் ஒரே கடை, ஒரே பெட்டி, ஒரே போலிச் சரக்கு. யாருக்குப் போகிறது என்று தெரிந்தே எடுத்துக் கொடுத்திருக்கிறான் மாப்பிள்ளை. உன் பட்டறை மூடினால் பின்கட்டும் அவனுக்குத்தான். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் தேவையில்லை.

நமக்குள் சொத்து பிரித்த நாளை நீ மறந்திருக்கலாம். தெருவைப் பார்த்த கடை மருமகனுக்கு, பின்கட்டுப் பட்டறை உனக்கு. எனக்கு என்ன என்று கேட்டேன். "ஒன்னப் படிக்க வெச்சதே ஒன் பங்குதான்" என்றார் அப்பா. வாசல்படியில் கையை ஊன்றி, குனிந்து உள்ளே போகப் பார்த்தேன். ஷட்டர் விழுந்தது. கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். "கை வழுக்கிடுச்சு மச்சான்" என்றான். என் இரண்டு விரல்கள் கடைக்கு உள்பக்கமும் நான் வெளிப்பக்கமுமாக இருந்தோம். யாரோ அவற்றைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கும் அவன் கடையில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஸ்டாம்ப் ஒட்டின டாக்டர் சொல்கிறேன், கேட்டுக்கொள். அவனிடம் போய்க் கேள். கேட்கிற விதத்தில் கேட்டால் கல்லும் பதில் சொல்லும். வாயால் கேட்டால் சிரிக்கிறவனிடம் வேறு எதனால் கேட்பது என்று உனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. கையில் பத்து விரல் இருக்கிறவன் நீ.

அண்ணன்


மார்ச் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நீங்கள் சொன்னபடி போனேன். உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு சென்சாரையும் கல்லாமேல் போட்டேன். "போலியக் குடுத்து என்னச் சாகடிக்கப் பாக்கறியா?" என்று கேட்டேன். மச்சான் எழுந்து, "எடுத்துட்டுப் போடா, ஏவாரம் நடக்குது" என்றார். கையை என் நெஞ்சில் வைத்தார். தள்ளினாரா, சும்மா வைத்தாரா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. நான் அடித்தேன். அவர் விழுந்தார், அலமாரியும் கூடவே சரிந்தது. பல்புப் பெட்டிகள் உடைந்து அவர் உள்ளங்கையெல்லாம் கண்ணாடி. இரண்டாவது அடிக்கு ஓங்கினபோது அக்கா குறுக்கே வந்தது. என் முழங்கை அதன் கன்னத்தில் பட்டது. அக்கா அழவில்லை. "ஒன் கையா இது?" என்று மட்டும் கேட்டது.

மச்சான் தரையில் உட்கார்ந்து, கையிலிருந்து கண்ணாடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்: "சென்சார் நல்ல சரக்குடா. அது பொய் சொல்லல. அதுக்கு முன்னாடி எங்கயோ ஓட்டை. வெளிக்காத்து உள்ள போகுது, அதத்தான் மோந்துட்டுச் சொல்லுது. வண்டியக் கொண்டா, நான் பாக்கறேன்."

அடித்தவனிடம் இப்படிப் பேசுகிறாரே என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

புல்டோசர் மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறான். அதற்கு மேல் புகைந்தால், மிச்சப் பெட்ரோலைப் பட்டறைமேல் ஊற்றுவானாம். அவன் ஊற்றுவான். வண்டியை மச்சானிடம் கொண்டுபோகட்டுமா? ஒரு வார்த்தை எழுதுங்கள். நீங்கள் சொல்லாமல் போகமாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

நலம். உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. இங்கே வேலை அதிகம்.

கொண்டுபோகாதே. அவன் வாசலில் போய் நின்றால் நாளைக்கு உன் பட்டறைக்கு அவன்தான் முதலாளி, நீ எடுபிடி. அவன் சொன்ன ஓட்டையைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. அங்கே போவதானால் இனி எனக்கு எழுதவேண்டாம்.

கன்னத்தில் பட்டது தானாகப் பட்டதுதானே. தங்கச்சி பெரிதுபடுத்தாது.

அண்ணன்


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி எழுதுகிறேன். எட்டு வருடமாக உங்களுக்கு எழுத எனக்கு உரிமை இல்லை என்று இருந்தேன். நீங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

தம்பியைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. இவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

உங்கள் பதில் வரவில்லை என்று தம்பி வண்டியைத் தொடாமல் வைத்திருந்தான். தவணை முடிந்தபிறகும் அந்தத் தடியன் இரண்டு வாரத்துக்கு மேல் பொறுத்தான். ஏப்ரல் பதினெட்டாம் தேதி உங்கள் கடிதம் வந்தது. மறுநாள் மத்தியானம் அந்தத் தடியன் வந்தான். தன் வண்டியை வெளியே தள்ளி நிறுத்திவிட்டு, பட்டறைக்குள் டின் டின்னாகப் பெட்ரோலை வீசிக் கொளுத்தினான். தம்பி உள்ளே இருந்தான். தீ பிடித்ததும் தண்ணீர்ப் பீப்பாயைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே ஓடிவந்தான். அப்படியும் இடது கை தோலுரிந்துவிட்டது. தெருவே நின்று பார்த்தது. இவர்தான் கடையிலிருந்து சாக்கை நனைத்துக்கொண்டு அவனைப் போர்த்த ஓடினார்.

போர்த்த ஓடினவர், அண்ணா. தம்பி கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. "சந்தோசமாடா ஒனக்கு? பின்கட்டு வேணும்னுதான? அண்ணன் எழுதிட்டாரு, எல்லாம் எழுதிட்டாரு" என்று கத்திக்கொண்டே முகத்தில் அடித்தான். முதல் அடியிலேயே இவர் விழுந்துவிட்டார். விழுந்தவரை எத்தனை தடவை அடித்தான் என்று போலீஸ் கேட்டது, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தாடை மூன்றாக உடைந்திருக்கிறது. வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். தீ வைத்தவன் வண்டியில் ஏறி, ஜன்னலை ஏற்றிக்கொண்டு போனான். அவனை யாரும் தொடவில்லை.

அண்ணா, அவனுக்கு என்ன எழுதினீர்கள்?

தங்கச்சி


ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. முகவரி மாறவில்லை என்று தபால்காரர் சொன்னார்.

இவருக்கு வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். முந்தாநாள் "வண்டி?" என்று எழுதினார். அந்தப் பாழாய்ப்போன வண்டியைப் பற்றி இவருக்கு என்ன கவலை என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் விசாரித்தேன். தீ வைத்தவனைப் பிடித்து உள்ளே போட்டபிறகு அவன் மைத்துனன் ஓட்டுகிறானாம். அவன் ஒரு வெல்டிங் கடையில் காட்டியிருக்கிறான். காலையில் ஸ்டார்ட் செய்ததுமே வெல்டர், "பல்லி மாரி கத்துதே, எத்தன நாளா?" என்று கேட்டிருக்கிறான். எஞ்சினோடு சேருகிற புகைக்குழாயில், சென்சாருக்கு முன்னால், மயிரிழை மாதிரி ஒரு விரிசல். பற்றவைத்துக் கொடுத்தான். அரைமணி நேர வேலை. புகையும் இல்லை, எதுவும் இல்லை. இவர் விற்ற சென்சார்தான் இன்னமும் அதில் இருக்கிறது.

சொன்னேன். இவர் சிலேட்டில் "ஓட்டை" என்று எழுதி அடியில் கோடு போட்டார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தம்பியின் வக்கீல் ஒரு உதவி கேட்கிறார். யாரோ தூண்டிவிட்டுத்தான் செய்தான் என்று காட்ட முடிந்தால் தண்டனை பாதியாகுமாம். தம்பி உங்களுக்கு எழுதின கடிதங்கள் உங்களிடம் இருக்குமே. அனுப்பிவையுங்கள். நீங்கள் எழுதினவை பட்டறையோடு எரிந்திருக்கும் என்கிறான் தம்பி. நான் இவருக்காகக் கேட்கவில்லை. அவனுக்காகக் கேட்கிறேன்.

தங்கச்சி


ஜூன் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நீங்கள் நலமா? தீக்காயம் ஆறி வருகிறது. கை முழுதாக நீட்ட வரவில்லை. உள்ளே என்னை மெக்கானிக் என்கிறார்கள். சிறை வேன் நின்றுபோனால் ஜன்னல் வழியாகச் சத்தத்தைக் கேட்டு யோசனை சொல்கிறேன். இங்கே ஸ்கேனர் ஏது?

அக்கா வந்து விரிசலைப் பற்றிச் சொன்னது. அன்றையிலிருந்து ஒரு யோசனை அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பல்லிச் சத்தத்தை நான் உங்களுக்கு எழுதினேனா, இல்லையா? எழுதின மாதிரியும் இருக்கிறது, எழுதாத மாதிரியும் இருக்கிறது. மண்டையில் பட்ட அடிகளுக்குப் பிறகு பல விஷயம் இப்படித்தான் கலங்கிக் கிடக்கிறது. எழுதியிருந்தால் நீங்கள் அன்றைக்கே பிடித்திருப்பீர்கள். இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஆகவே நான்தான் எழுதாமல் விட்டிருக்கவேண்டும். மச்சானுடைய கண் என் மறதிக்குப் போயிற்று என்று நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. என்னோடு இருக்கிறவன் நான் சுவரில் தலையை மோதிக்கொள்வதாகப் புகார் கொடுத்திருக்கிறான்.

எழுதினேனா என்று மட்டும் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன்.

தம்பி


ஜூலை 30

தம்பிக்கு,

உன் கடிதமும் தங்கச்சியின் கடிதங்களும் கிடைத்தன. உடம்பு சுமாராக இருக்கிறது. இந்த மாதம்தான் கஷாயம் குடிக்க ஆரம்பித்தேன்.

உனக்குப் புரியவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எஞ்சினிலிருந்து புகை ஒரே சீராக வருவதில்லை, துடித்துத் துடித்து வருகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஒரு கணம் குழாய் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். விரிசல் இருந்தால் அந்தக் காற்று புகையில் கலந்துவிடும். சென்சார் அதை முகர்ந்து, உள்ளதை உள்ளபடி சொல்லும். பெட்ரோல் போதவில்லை என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர்தான். சுற்று கூடினால் புகையின் அழுத்தம் காற்றை உள்ளே விடாது. 2500 சுற்றில் திருத்தம் ஆறாகக் குறைந்தது அதனால்தான். குளிர்ந்திருக்கும்போது விரிசல் சத்தம் போடும். சூடேறினால் இரும்பு விரிந்து சத்தம் அடங்கும். காற்றை இழுப்பது மட்டும் முழுதாக நிற்காது. காதால் கேட்காமல் எண்களை மட்டும் பார்க்கிறவன் காற்றுக் கசிவு என்றோ சென்சார் கெட்டது என்றோ நினைத்து ஏமாறுவான். சத்தத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் முதல் வருடம் படிக்கிறவன்கூடக் கண்டுபிடித்திருப்பான்.

நீ எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் கவனித்திருப்பேன்.

கடிதங்களை நான் வைத்துக்கொள்வதில்லை. படித்ததும் கிழித்துவிடுவேன். தங்கச்சியிடமும் வக்கீலிடமும் சொல்லிவிடு. நான் உனக்கு எழுதியதெல்லாம் எஞ்சினைப் பற்றித்தான்.

தலையை எதிலும் மோதிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஜனவரி 19

அண்ணனுக்கு,

அக்கா பட்டறைச் சாம்பலைக் கூட்டி அள்ளும்போது என் இரும்பு டூல் பெட்டி கிடைத்தது. வெளியே கருகியிருந்தாலும் உள்ளே கருகவில்லை. போன வாரம் கொண்டுவந்து காட்டியது.

எண்களை எழுதச் சொன்னீர்கள்.

தண்டனை: ஏழு வருடம்.

மச்சானுக்குக் கண்: ஒன்று.

பெட்டியில் இருந்த உங்கள் கடிதங்கள்: மூன்று.

மேல்முறையீட்டுக்கு வக்கீலிடம் கொடுத்தவை: பூஜ்யம்.

உங்கள் முதல் கடிதம், பிப்ரவரி 14, கீழேயிருந்து நான்காவது வரி. பல்லி அங்கே இருக்கிறது.

தம்பி